சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரக நோயாளியும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

சுண்ணாம்பை அறியாத வீடு நம் கடலூர் மாவட்டத்தில் உண்டோ? பொங்கலுக்கு முன் சுவரில் பூசுவது சுண்ணாம்பு. ஆயா வெற்றிலையில் தடவுவதும் சுண்ணாம்பு. கடற்கரையில் நாம் பொறுக்கி விளையாடும் கிளிஞ்சலும், கோழி முட்டையின் ஓடும் அதே இனத்தைச் சேர்ந்தவையே. இவை அனைத்திலும் மறைந்திருக்கும் உலோகத்திற்குக் கால்சியம் என்று பெயர். சுண்ணாம்பைக் குறிக்கும் 'கால்க்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. 1808 ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இதனை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தார்.

"எலும்புக்கும் பல்லுக்கும் கால்சியம் தேவை" என்று ஒரு வரி எழுதி நாம் மதிப்பெண் வாங்கி விடுகிறோம். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்து கொள்பவர் வீட்டில் அந்த ஒரு வரி போதாது. அங்கே மாதந்தோறும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தாள் வருகிறது. அதில் கால்சியம் என்ற சொல்லுக்கு எதிரே ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். படிக்கத் தெரியாமல் அன்பின் மிகுதியால் செய்யும் காரியங்கள் நோயாளிக்குத் தீங்காய் முடிவதுண்டு என்பதை எங்கள் வகுப்பிலேயே ஒரு தோழியின் குடும்பத்தில் கண்டோம். அதனைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் டயாலிசிஸ் பற்றிச் சில வார்த்தைகள். நம் இரு சிறுநீரகங்களும் இரவு பகலாக இரத்தத்தை வடிகட்டுகின்றன. அவை நின்று போனால் அந்த வேலையை ஓர் இயந்திரம் செய்ய வேண்டும். 1943 இல் ஹாலந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், உலகப் போரின் நடுவே, செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி இத்தகைய இயந்திரத்தைச் செய்தார். 1945 இல்தான் அதன் உதவியால் முதல் நோயாளி உயிர் பிழைத்தார். நம் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இத்துறையில் முன்னோடியாகும். 1971 இல் சிறுநீரக மாற்று அறுவையை வெற்றிகரமாகச் செய்ததும் அம்மருத்துவமனையே. இன்று அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றிருந்து இப்போது அரசு மருத்துவமனையாகி விட்ட இடத்திலும் டயாலிசிஸ் செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் ஏழைகளும் செய்து கொள்ள முடிகிறது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு மணி நேரம். கையிலுள்ள இரத்தக் குழாய்களை இணைத்து, அங்கே இரண்டு ஊசிகள் குத்தி, ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே சென்று, தூய்மையாகி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது.

இனி கால்சியத்திற்கு வருவோம். ஒரு பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 100 இல் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கி விடும். இரத்தத்தில் உலவுவது எவ்வளவு தெரியுமா? இரத்த நீரில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லி கிராம் வரை இருக்கலாம். உடலில் இரத்த நீர் 3 லிட்டர் என்று வைத்துக் கொண்டு நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் சுமார் 300 மில்லி கிராம்தான் வந்தது! மருந்துக் கடையில் விற்கும் 'கால்சியம் 500' மாத்திரை ஒன்றில் இருப்பது இதைவிட அதிகம். இத்தனை சிறிய அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் உடல் காத்து வருகிறது.

ஏன் காக்க வேண்டும்? இதற்கு ஓர் அழகான வரலாறு உண்டு. 1880 களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். அது நெடுநேரம் துடித்தது. வாலை வடிநீரில் உப்புக் கரைத்து மீண்டும் செய்தபோது இதயம் விரைவில் நின்று விட்டது. காரணம் என்ன? முதல் முறை உதவியாளர் கரைசலைக் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருந்தார். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கலந்திருந்தது. அதுவே இதயத்தைத் துடிக்கச் செய்தது. இன்று மருத்துவமனைகளில் 'ஆர்.எல்.' என்று சொல்லி ஏற்றுகிறார்களே, அந்தப் பாட்டிலின் முதல் எழுத்து ரிங்கரின் பெயர்தான்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப் போகும். விரல்களில் எறும்பு ஊர்வது போலிருக்கும். தசைகள் இழுத்துக் கொள்ளும். மிகவும் குறைந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். கூடினாலோ வாந்தி, மலச்சிக்கல், மனக் குழப்பம் ஆகியவை தோன்றும். பல மாதங்கள் கூடியே இருந்தால் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இதயத்தின் வால்வுகளிலும் சுண்ணாம்பு படிந்து அவை விறைத்து விடுகின்றன. டயாலிசிஸ் செய்து கொள்பவர்களில் பலரைக் கொண்டு போவது இதய நோய் என்பதால், மருத்துவர்கள் இந்தப் படிவத்திற்கு மிகவும் அஞ்சுகிறார்கள்.

கால்சியத்தைக் காவல் காப்பவை கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் இருக்கும் நான்கு பாரா தைராய்டுச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இவற்றை முதலில் கண்டது மனிதரில் அன்று. இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் இறந்து போன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது ரிச்சர்ட் ஓவன் என்பவர் இவற்றைக் கண்டார்! மனிதரில் கண்டு எழுதியவர் 1880 இல் சுவீடன் நாட்டு மாணவர் சாண்ட்ஸ்ட்ராம். கால்சியம் சற்றுக் குறைந்தால் இச்சுரப்பிகள் ஒரு நீரைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கி இரத்தத்திற்கு அனுப்புகின்றன.

இதில் சிறுநீரகத்தின் பங்கு இரண்டு. ஒன்று, வெயிலாலும் உணவாலும் கிடைக்கும் வைட்டமின் டி யைச் செயல்படும் நிலைக்கு மாற்றுவது. 1970 இல்தான் இந்த வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது என்று தெரிய வந்தது. அது நடந்தால்தான் குடல் கால்சியத்தை நன்கு உறிஞ்சும். மற்றொன்று, உணவில் மிகுதியாக வரும் பாஸ்பரஸை வெளியேற்றுவது. சிறுநீரகம் கெட்டால் இரண்டும் கெடும். கால்சியம் குறையும், பாஸ்பரஸ் ஏறும். பாரா தைராய்டு ஓயாமல் எலும்பைக் கரைக்கும். வெளியே பார்த்தால் இரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது எலும்பை விற்றுக் கட்டிய வட்டி.

இப்போது அந்த எண்ணைப் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரை எடுத்து, ஒரு சாயத்தைச் சேர்க்கிறார்கள். கால்சியத்தோடு சேர்ந்ததும் அந்தச் சாயம் நிறம் மாறும். சில சாயங்கள் ஊதாவாகவும் சில நீலமாகவும் மாறுகின்றன. நிறம் எவ்வளவு அழுத்தமோ கால்சியம் அவ்வளவு அதிகம். இயந்திரம் நிறத்தை அளந்து எண்ணாக்கி விடுகிறது. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிறமாற்றம் பார்ப்பது போன்றதே இதுவும்.

ஆனால் இம்முறை இரத்தத்திலுள்ள கால்சியம் முழுவதையும் எண்ணி விடுகிறது. இங்கேதான் சிக்கல். கால்சியத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஆல்புமின் முதலான புரதங்களின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஏறத்தாழ 10 விழுக்காடு பாஸ்பேட், சிட்ரேட் போன்றவற்றோடு கைகோத்திருக்கும். மீதிப் பாதிதான் தனியாக உலவும். இதயத்தையும் தசையையும் இயக்குவது இந்தத் தனிக் கால்சியமே. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தை நினைத்துக் கொள்ளுங்கள். பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் பயணிதான். ஆனால் இறங்கி நடப்பவர்தான் கடைத்தெருவில் வேலை பார்க்க முடியும். பேருந்துகள் குறைந்த நாளில் மொத்தத் தலைகளை எண்ணினால் எண்ணிக்கை குறைவாகவே வரும். அதனால் கடைத்தெருவில் ஆள் இல்லை என்று சொல்லி விட முடியுமா?

டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு ஆல்புமின் என்னும் அந்தப் பேருந்து குறைந்து போகிறது. பசியின்மை, தொற்று, சிறுநீரில் புரதம் ஒழுகுதல் என்று காரணங்கள் பல. எங்கள் தோழியின் அப்பாவுக்கும் அப்படித்தான். அவருடைய தாளில் கால்சியம் 7.6 என்று அச்சாகி, பக்கத்தில் குறைவு என்பதற்கு அடையாளமாக ஒரு குறியும் விழுந்திருந்தது. வீட்டில் பதறி விட்டார்கள். அம்மா அன்றைக்கே கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் காலையும் மாலையும் கொடுத்தார். கேழ்வரகுக் கூழும் தினமும் காய்ச்சினார். அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போனபோது மருத்துவர் தாளை மறுபடி பார்த்து, ஆல்புமின் எவ்வளவு என்று தேடினார். 2.5 கிராம் இருந்தது. இருக்க வேண்டியது ஏறக்குறைய 4 கிராம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1973 இல் இங்கிலாந்தில் பேய்ன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒட்டி எழுந்தது. ஆல்புமின் 4 கிராமிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதை 0.8 ஆல் பெருக்கி, அளந்த கால்சியத்தோடு கூட்ட வேண்டும். தோழியின் அப்பாவுக்கு ஆல்புமின் குறைவு 1.5. அதை 0.8 ஆல் பெருக்கினால் 1.2. 7.6 உடன் கூட்டினால் 8.8. அஞ்ச வேண்டிய எண்ணே அன்று!

இதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒருவருக்கு ஆல்புமின் அதே 2.5, கால்சியம் 10.2 என்று தாளில் இருக்கிறது. எந்தக் குறியும் விழாது. வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். 1.2 ஐக் கூட்டினால் 11.4. இது கூடுதல். குறி விழுந்த எண்ணைவிட இந்தக் குறி விழாத எண்ணே பொல்லாதது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆயினும் இந்தக் கணக்கும் முழுக்க நம்பத் தக்கதன்று. சிறுநீரக நோயாளிகளில் இது பல வேளைகளில் தவறிப் போகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பேருந்தின் எண்ணிக்கை மட்டும் போதாது, பயணி இருக்கையை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். இரத்தத்தில் அமிலம் கூடினால் ஆல்புமின் கால்சியத்தை விட்டு விடும். அமிலம் குறைந்தால் இறுகப் பிடித்துக் கொள்ளும். தேர்வறையில் பயந்து வேகவேகமாக மூச்சு விட்ட மாணவிக்கு விரல்கள் மரத்து இழுப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? மூச்சோடு கரியமில வாயு அதிகம் வெளியேறி, இரத்தத்தில் அமிலம் குறைந்து, தனிக் கால்சியம் தற்காலிகமாகக் குறைவதும் அதற்கு ஒரு காரணம். டயாலிசிஸ் நோயாளிக்கு இயந்திரத்தில் படுக்கும் முன் அமிலம் கூடியிருக்கும், எழுந்திருக்கும் போது குறைந்திருக்கும். ஒரே நாளில் இரண்டு நிலை.

ஆகவே ஐயம் இருந்தால் தனிக் கால்சியத்தையே நேராக அளக்கிறார்கள். அயனிக் கால்சியம் என்பது அதன் பெயர். 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 4.5 முதல் 5.3 மில்லி கிராம் வரை இருத்தல் இயல்பு. இதற்கு இரத்தத்தைக் காற்றுப் படாமல் எடுத்து உடனே இயந்திரத்தில் வைக்க வேண்டும். காற்றுப் பட்டால் கரியமில வாயு பறந்து எண் குறைந்து விடும். இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, செலவும் கூடுதல். தோழியின் அப்பாவுக்கு இதையும் செய்து பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. மருத்துவர் அம்மாவிடம், "அம்மா, மாத்திரையை நிறுத்தி விடுங்கள். நான் சொல்லும் போது, சொல்லும் வேளையில் மட்டும் கொடுங்கள்" என்றாராம்.

இரத்தம் எடுப்பதிலும் நுணுக்கங்கள் உண்டு. கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் நீர் வெளியேறிப் புரதம் செறிந்து, கால்சியமும் கூடியது போல் காட்டும். ஊதா மூடியிட்ட குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கிறது. இரத்தம் உறைய வேண்டுமானால் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைச் சிறைப்பிடித்து உறையாமல் தடுக்கிறது. அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு மற்றக் குழாயில் கலந்தாலும் கால்சியம் வெகுவாகக் குறைந்து காணும், பொட்டாசியம் ஏறிக் காணும். இரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். மாதாமாதம் அதே நிலையில் எடுத்தால்தான் ஒரு மாதத்தை மற்ற மாதத்தோடு ஒப்பிட முடியும்.

இயந்திரத்திற்குள் ஓடும் நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்திற்கு 500 மில்லி லிட்டர் என்றால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர்! நாம் குடிப்பது நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர். நோயாளியின் இரத்தத்திற்கும் இந்த 120 லிட்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அத்தகைய கடின நீர் அப்படியே இயந்திரத்திற்குள் போனால் கால்சியம் இரத்தத்தில் ஏறி விடும். நீரை மென்மையாக்கும் கருவி பழுதானபோது நோயாளிகளுக்கு வாந்தியும் தலைவலியும் இரத்தக் கொதிப்பும் ஏற்பட்டதை 1967 இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 'கடின நீர் நோய்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆகையால்தான் டயாலிசிஸ் அறைக்குப் பின்னால் ஆர்.ஓ. நிலையம் இருக்கிறது. அங்கே உப்புகளை நீக்கிய பிறகு, வேண்டிய அளவு கால்சியத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். எடுத்ததை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று நாங்களும் கேட்டோம். சேர்க்கா விட்டால் இரத்தத்தின் கால்சியம் நீருக்குள் வடிந்து இதயமே தடுமாறும். கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் உலகச் சிறுநீரக மருத்துவர் அமைப்பின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறை, அந்த அளவு லிட்டருக்கு 1.25 முதல் 1.5 மில்லி மோல் வரை இருக்கலாம் என்கிறது. நம் கணக்கில் 100 மில்லி லிட்டருக்கு 5 முதல் 6 மில்லி கிராம். இதன் மேல் எல்லையில் கால்சியம் உள்ளே ஏறும், கீழ் எல்லையில் சிலருக்கு வெளியேறும். யாருக்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்கிறார்.

அதே நெறிமுறை, கால்சியத்தையும் பாஸ்பரஸையும் 1 முதல் 3 மாதத்திற்கு ஒரு முறையும், பாரா தைராய்டு சுரக்கும் நீரை 3 முதல் 6 மாதத்திற்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்லுகிறது. ஒரே எண்ணை வைத்து மருந்தை மாற்றக் கூடாது, பல மாதத்துப் போக்கைப் பார்க்க வேண்டும் என்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாமல் கால்சியம் இலேசாகக் குறைந்திருந்தால் சரிப்படுத்த அவசரப்பட வேண்டாம், கூடுவதைத்தான் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. முன்பெல்லாம் குறைந்தால் உடனே ஏற்றி விடுவார்களாம். எனவே பழைய தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும் வீடுகள் மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கின்றன.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டறிந்தோம். கேழ்வரகில் கால்சியம் மிகுதி, நமக்கு அது நல்ல உணவு. ஆனால் அதில் பாஸ்பரஸும் ஏராளம். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டிலும் இரண்டும் உண்டு, உப்பு வேறு. ஆகவே டயாலிசிஸ் நோயாளிக்கு எவ்வளவு என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் ஒரு விந்தை உண்டு. சோற்றோடு சேர்த்து விழுங்கினால் அது குடலில் பாஸ்பரஸைப் பிடித்துக் கொண்டு வெளியே போகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் தானே இரத்தத்தில் ஏறுகிறது. மாத்திரை ஒன்றுதான், வேளை மாறினால் வேலை மாறி விடுகிறது.

கடைசியாக நம் ஆயாக்களின் வெற்றிலைப் பெட்டி. தடவும் சுண்ணாம்பும் கால்சியமே. அதிகமாக வெற்றிலை பாக்குப் போடுபவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் கூடிப் போனதை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அந்தக் கூடுதலைச் சிறுநீரில் வெளியேற்ற வழியில்லை. மாத்திரைகளின் பெயரையெல்லாம் மருத்துவரிடம் ஒப்பிக்கும் குடும்பத்தினர் வெற்றிலையைச் சொல்ல மறந்து விடுகிறார்கள், அது மருந்தில்லையே என்று. நாளொன்றுக்கு எத்தனை முறை போடுகிறார், எவ்வளவு சுண்ணாம்பு தடவுகிறார் என்பதையும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கலாம்.